முப்பத்தொன்றாம் பெட்டி

"முப்பத்தொண்ணு எதுக்குங்க மேடம் பேச மாட்டேங்குது?"

நாச்சிமுத்து கேட்டார்.

ஷமீம் பானு தோளில் இருந்த பையை இறக்கித் தரையில் வைத்தார்.

"பேசலைன்னு யார் சொன்னா?"

"ஸ்கிரீன் சொல்லுதுங்க."

"கேக்கலைன்னுதான் ஸ்கிரீனுக்குத் தெரியும். அது பேசுச்சா பேசலையான்னு ஸ்கிரீனுக்கு எப்படித் தெரியும்?"

நாச்சிமுத்து ஸ்கிரீனைத் திரும்பிப் பார்த்தார்.

காங்கயத்துக்குக் கிழக்கே இருந்த அந்த அரிசி ஆலையில் அவர் இருபத்தாறு வருஷமாக எலெக்ட்ரீசியன். வயது ஐம்பத்திரண்டு. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆலையைப் புதுசாக்கியபோது வந்து சேர்ந்த இந்த ஒற்றைக் கேபிள் மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை.

கன்ட்ரோல் ரூமில் கிளம்பி, ஊறல் தொட்டி, டிரையர், எலிவேட்டர் என்று ஆலை முழுக்க வளைந்து போகும் கேபிள் அது. வழியில் முப்பத்தெட்டுப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். கன்ட்ரோல் ரூம் நம்பரைக் கூப்பிட்டதும் அந்தப் பெட்டி 'இருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மொத்த ஆலையும் நின்றுவிடும்.

பதினோரு நாளாக அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. ஷிப்டுக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீனில் ஒரே நம்பர். முப்பத்தொன்று. டிரையருக்கு ஈர நெல்லை ஏற்றும் எலிவேட்டரின் பெட்டி.

அவித்த நெல் ஈரத்தோடு நின்றால் சூடேறிப் புளித்துவிடும். ஆலைக்குள் நுழையும்போதே அந்த வாடை மூக்கில் அடித்தது.

பெட்டியை மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். புதுப்பெட்டியும் ஊமையாகத்தான் போனது.

ஷமீம் பானுவுக்கு வயது முப்பத்துமூன்று. நாகர்கோவில் பக்கம். ஆலை ஆலையாகப் போய் இந்தக் கேபிள் கோளாறுகளை மட்டும் பார்ப்பவர்.

"சரி பண்ணிக் குடுத்துட்டு மட்டும் போயிராதீங்க மேடம். எனக்கும் சொல்லிக் குடுங்க," என்று வாசலிலேயே கேட்டிருந்தார் நாச்சிமுத்து.

"சொல்லியெல்லாம் குடுக்க மாட்டேன் அண்ணே. கூட வாங்க."

*

எலிவேட்டர் குழிக்குப் பக்கத்தில், முப்பத்தொன்றாம் பெட்டிக்கு நேர் கீழே, ஒரு பெண் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"இவங்க?"

"மாராத்தாளுங்க. இந்த எலிவேட்டரைப் பாத்துக்கறவங்க. தரையக் கழுவறப்ப பெட்டிக்குள்ள தண்ணி அடிச்சுட்டாங்கன்னு மேனேஜர் சொல்றாருங்க. இன்னியோட வேலைய விட்டு நிறுத்தறாங்க."

மாராத்தாள் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அந்தப் பொட்டிப் பக்கம் ஹோஸத் திருப்புனதே இல்லீங்க. பதினோரு நாளாச் சொல்றேன், ஒருத்தரும் காதுல வாங்கல. இது எதனால நிக்குதுன்னு தெரியற வரைக்கும் நான் இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்."

ஷமீம் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் மேனேஜர் ரகோத்தமன் வந்துவிட்டார். கையில் டைப் அடித்த ஒரு தாள்.

"ஆபரேட்டரின் அஜாக்கிரதையால் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து பழுது. அவ்வளவுதான் மேடம். கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வேலைய ஆரம்பிங்க."

"வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காரணம் தெரிஞ்சிருச்சா?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாதே."

ஷமீம் தாளை வாங்கினார். திருப்பினார். எழுத்தில்லாத பக்கத்தை மேலே வைத்து, ஒரு பென்சிலோடு நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"கேபிளை வரைங்க அண்ணே. முப்பத்தெட்டுப் பெட்டியும் வரணும்."

"மேடம், அது ஆபீஸ் தாள்!"

"பின்பக்கம் சும்மாதானே சார் இருக்கு."

மேனேஜரின் முகம் கறுத்தது. நாச்சிமுத்துவுக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

*

பத்து நிமிஷத்தில் நாச்சிமுத்து வரைந்து கொடுத்தார். நூல் பிடித்தது போல் ஒரு கோடு. அதில் முப்பத்தெட்டுப் புள்ளிகள்.

ஷமீம் பார்த்தார்.

"அழகா இருக்கு. இது உங்க மனசுல ஓடுற கேபிள். ஆலையில ஓடுறது எங்க?"

நாச்சிமுத்து தாளை எடுத்துக்கொண்டு நடந்தார். தொட்டியைச் சுற்றி, டிரையர் ஏணி ஏறி இறங்கி, உமிக் கிடங்கு வழியாகப் போய்த் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒரே ஒரு எடத்துல வித்தியாசமுங்க. இருபத்திரெண்டும் இருபத்துமூணும் முன்ன பின்ன இருக்குது. மத்ததெல்லாம் நான் போட்ட மாதிரியேதான்."

"எத்தனை மூடி திறந்து பாத்தீங்க?"

"மூடி எதுக்குங்க? நம்பர் வெளியவே எழுதியிருக்குதே."

ஷமீம் ரப்பரை எடுத்தார். கோட்டையும் புள்ளிகளையும் ஒன்றுவிடாமல் அழித்தார். வெற்றுத் தாளைத் திரும்ப நீட்டினார்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"மேடம், நான் இந்த ஆலையில இருபத்தாறு வருஷமுங்க."

"தெரியும் அண்ணே. அதனாலதான் மூடியத் திறக்கலை."

*

திறப்பதென்றால் நிறுத்த வேண்டும். கேபிளுக்கு மின்சாரம் போகக் கூடாது.

"ஓட்டிக்கிட்டே பாருங்க," என்றார் மேனேஜர்.

"ஓடுறப்ப அளந்தா மீட்டர் கண்டதையும் காட்டும்."

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"தெரியாது."

"அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

ஷமீம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"நாகர்கோவிலுக்கு. அரை மணி நேரத்துல கண்டுபிடிக்கிறவங்களைக் கூப்பிட்டுக்கங்க சார்."

மேனேஜர் பல்லைக் கடித்தார். புளித்த வாடை அவர் மூக்கிலும் ஏறியிருக்க வேண்டும்.

"சரி, நிறுத்துங்க. ஆனா பெட்டியத் திறக்கறப்ப இந்தம்மா இங்க இருக்கக் கூடாது." செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். "அடையாள அட்டைய வாங்கிக்கிட்டு வெளிய அனுப்பு."

இரண்டு பேர் வந்தார்கள். மாராத்தாள் எழுந்தார். சாக்கை உதறி நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மேல கை வெக்காதீங்க. நானே நடந்து போறேன்."

மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்:

"வீட்டுக்குப் போவேன்னு மட்டும் நெனைக்காதீங்க. கேட்டுக்கு அந்தப் பக்கந்தான் நிப்பேன்."

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஆலை அடங்கியது. மணி இரண்டரை.

ஷமீம் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, கேபிளின் வெள்ளை வயரிலும் நீல வயரிலும் மீட்டரின் இரண்டு முனைகளை வைத்தார்.

"என்ன காட்டுது அண்ணே?"

"நாப்பது ஓமுங்க."

"அறுபது காட்டணும்."

"அது எப்படிங்க?"

"கேபிளோட தலைப்புல ஒரு சின்ன ரெசிஸ்டர், வால்ல ஒண்ணு. சிக்னல் முனையில முட்டித் திரும்பி வராம அதுதான் அடக்கும். ஒவ்வொண்ணும் நூத்தியிருபது. ரெண்டும் இணையாச் சேந்தா பாதியாயிரும், அறுபது."

"அப்ப நாப்பதுன்னா?"

ஷமீம் கையை உயர்த்தினார். மூன்று விரல்கள்.

நாச்சிமுத்து அந்த மூன்று விரல்களையே பார்த்தார். நூற்றியிருபதை மூன்றால் வகுக்க அவருக்குத் தெரியும்.

"ஒண்ணு அதிகமா இருக்குதுங்களா?"

"இருக்கு."

"எங்கீங்க?"

"என்னைக் கேட்டா? நான் இன்னிக்குத்தான் இந்த ஆலைக்குள்ள கால் வெச்சேன்."

நாச்சிமுத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பத்தடி போகவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது.

போன ஐப்பசி. அரிசியின் நிறம் பார்த்துப் பிரிக்கும் புது மிஷினும் கூட மூன்று மிஷினும் வந்து இறங்கின. அதுவரை கேபிள் முப்பத்துநான்காம் பெட்டியோடு முடிந்திருந்தது. அங்கே இருந்து நீட்டிக் கொடுக்கும் வேலை அவருடையது. மேனேஜர் தலைமாட்டில் நின்றார். 'அரை மணி நேரந்தான்யா, அதுக்குள்ள ஓடணும்.' அரை மணி நேரத்தில் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

முப்பத்துநான்காம் பெட்டியைத் திறந்தார்.

இருந்தது. பழைய வால் முனையின் ரெசிஸ்டர், நடுவழியில், மஞ்சள் டேப் சுற்றிய ஒரு முடிச்சுக்குப் பின்னால். மஞ்சள் டேப் சுற்றுவது இந்த ஆலையில் ஒரே ஒரு ஆள்தான்.

ஆறு மாசமாக இந்த முப்பத்தெட்டும் முக்கி முனகித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் டிரையர் மோட்டாருக்கு, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புது டிரைவ் வைத்தார்கள். முப்பத்தொன்றுக்குப் பக்கத்திலேயே. தொண்டை கட்டிய ஆளின் பக்கத்தில் மைக்செட் போட்ட மாதிரி. அதன் இரைச்சலில் முப்பத்தொன்றின் குரல் எடுபடவில்லை.

ரெசிஸ்டரைக் கழற்றினார். மிளகாய் விதையை விடக் கொஞ்சம்தான் பெரிசு, அதற்கு இரண்டு கம்பிக் கால்.

சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

"என்ன அண்ணே இருந்துச்சு?"

"முப்பத்துநாலுல ஒரு ஸ்க்ரூ லூசுங்க. இறுக்கிட்டேன்."

ஷமீம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீட்டரை வைத்தார். அறுபது.

தன் நோட்டில் எழுதினார். முதல் வரியில் '40'. ஒரு வரியைக் காலியாக விட்டார். அதற்கு அடுத்த வரியில் '60'.

காலி வரியைப் பற்றி நாச்சிமுத்து கேட்கவில்லை.

மின்சாரம் கொடுத்தார்கள். முப்பத்தெட்டும் பச்சை. எலிவேட்டர் ஓடியது. டிரையர் ஓடியது. ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. பதினோரு நாளில் இப்படித் தொடர்ந்து ஓடியதே இல்லை.

ஷமீம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற மாதிரியே தெரியவில்லை.

"வேலை முடிஞ்சுதுங்களா மேடம்?"

"பாதி."

"அதான் ஓடுதுங்களே."

"ஓட வெச்சாச்சு. அது பாதி."

"மிச்சப் பாதி என்னங்க?"

ஷமீம் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

*

ஐந்தேகால் மணிக்கு மேனேஜர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. கையில் புதுத் தாள்.

"பாத்தீங்களா? நான் சொன்னேனே. அந்தம்மா வெளிய போனா, ஆலை ஓடுது! இதை விட என்ன சாட்சி வேணும்?"

நாச்சிமுத்துவின் கை சட்டைப் பைக்குப் போனது.

"மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க, பரவால்ல. நாச்சிமுத்து, நீ இங்க சாட்சிக் கையெழுத்துப் போடு. பழைய ஆளு, உன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு."

பேனாவை நீட்டினார்.

நாச்சிமுத்து ஷமீமைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், நீங்க சொல்லுங்க."

"நாப்பது அளந்தது நான். அறுபது அளந்ததும் நான். அதை எங்க வேணா சொல்றேன்." ஷமீம் அவர் கண்ணைப் பார்த்தார். "நடுவுல நடந்ததைப் பாத்தது நான் இல்ல அண்ணே."

பேனா இன்னும் நீட்டியபடியே இருந்தது.

சன்னல் வழியாக கேட் தெரிந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில், மடித்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தர் நின்றார்.

"தண்ணியில்லீங்க," என்றார் நாச்சிமுத்து.

"என்ன?"

"தண்ணியும் இல்ல, மாராத்தாளும் இல்ல. நாந்தானுங்க." பையிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ஐப்பசியில கேபிளை நீட்டுனப்ப இதைக் கழட்டாம விட்டுட்டேன்."

மேனேஜர் அதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"யோவ், உன்னைய யாராவது கேட்டாங்களா? இதெல்லாம் எழுதுனா உன் பேருதான் வரும். கையெழுத்தைப் போட்டுட்டுப் போ."

"வரட்டுங்க. எழுதறப்ப, அரை மணி நேரத்துல ஓடணும்னு தலைமாட்டுல நின்னது யாருன்னும் எழுதுவனுங்க."

"இந்த மிளகாய் விதைக்கு ஆலை நிக்குமா? எவன்யா நம்புவான்? அந்தம்மா போனதும் ஓடுது. அதை ஊரே பாத்துச்சு."

நாச்சிமுத்து பேனாவைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"எங்கய்யா போற?"

திரும்பவில்லை. போகிற வழியில் கேபிளின் மின்சாரத்தை நிறுத்தினார். ஆலை அடங்கியது. மேனேஜர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். நாச்சிமுத்து முப்பத்துநான்காம் பெட்டியைத் திறந்தார். ரெசிஸ்டரை, அது ஆறு மாசம் இருந்த அதே இடத்தில், அதே இரண்டு ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்து இறுக்கினார். மூடியை மூடினார். திரும்பி வந்து மின்சாரத்தைக் கொடுத்தார்.

முப்பத்தெட்டும் பச்சை. எலிவேட்டர் ஓடியது.

"ஓடுதேய்யா!" என்றார் மேனேஜர். "பாரு, நல்லாத்தானே ஓடுது?"

நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷமீம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏழாவது நிமிஷம்.

எலிவேட்டர் நின்றது. டிரையர் நின்றது. தொட்டிப் பக்கம் கடைசி மோட்டாரும் முனகி ஓய்ந்தது. ஸ்கிரீனில் ஒரே ஒரு சிவப்பு நம்பர்.

"மாராத்தாள் கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க," என்றார் நாச்சிமுத்து. "இப்ப தண்ணி ஊத்துனது யாருங்க?"

மேனேஜர் ஸ்கிரீனையே பார்த்தார்.

"சரி. சரிய்யா. எடு அதை."

"எடுக்க மாட்டனுங்க."

"என்னது?"

"அவங்க உள்ள வரோணும். அவங்க எலிவேட்டரை அவங்களே ஓட்டோணும். அது வரைக்கும் எடுக்க மாட்டேன்."

"நெல்லு சூடேறுதுய்யா!"

"ஏறுதுங்க."

மேனேஜர் ஷமீம் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல சார்."

மேனேஜர் நின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே கேட்டை நோக்கி நடந்தார்.

*

மாராத்தாள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. யாரையும் பார்க்கவில்லை. நேராக எலிவேட்டர் பக்கம் போய் நின்றார்.

நாச்சிமுத்து அதற்குள் ரெசிஸ்டரைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஷமீம் அளந்துவிட்டு, ஓட்டலாம் என்று தலையசைத்தார்.

"எம்மேலதான் தப்புங்க," என்றார் நாச்சிமுத்து. "இது இருந்ததாலதான் ஆலை நின்னுச்சு. கண்டுபிடிச்சுக் கழட்டியாச்சு. இனி உங்க மேல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மாராத்தாள் அவர் உள்ளங்கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"மொதல்ல இதை எப்பங்ணா கழட்டுனீங்க?"

"மூணு மணிக்குங்க."

"நான் வெளிய நின்னேன்ல, அப்பவா?"

"ஆமாங்க."

"இப்ப மணி என்னங்ணா?"

நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மணி ஆறாகப் போகிறது. உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

மாராத்தாள் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.